கரடி நெய் பாட்டில்: கோத்தகிரிப் பக்கம் ஒரு தோல் நோய் நிகழ்வு ஆய்வு

தை மாதத்தின் இரண்டாவது வாரம். அந்த வருடம் கோத்தகிரியில் பனி கடுமை. காலை எட்டு மணிக்கும் பள்ளத்துப் புல்லில் வெண்மை போகாமல் கிடந்தது. அப்படி ஒரு நாளில்தான் அந்த அம்மா இரண்டு கால்களிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு, பேரனின் தோளைப் பிடித்தபடி என் கிளினிக்குக்கு வந்தார். துணி முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. அவிழ்த்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாக எடுக்கவே பத்து நிமிடம் ஆனது.

இந்த நிகழ்வை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கிலும் சிகிச்சையிலும் எதையும் மாற்றவில்லை.

வயது 58. நாற்பது வருடமாகக் கொழுந்து பறிக்கும் வேலை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று. சின்னப் பிள்ளையாக இந்த மலை ஏறியவர். சர்க்கரை நோய் இல்லை. தைராய்டு சரியாக இருந்தது. கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும் தொந்தரவும் இல்லை. கூட வந்த பேரனுக்கு ஒன்பது வயது. அவன் கழுத்திலும் ஒரு தடிப்பு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எப்படி ஆரம்பித்தது

மார்கழி பிறந்ததுமே கணுக்காலுக்கு மேலே தோல் வெளுத்து, சாம்பல் பூசியதுபோல ஆகியிருக்கிறது. பத்து நாளில் அதில் கோடு கோடாக வெடிப்பு. தண்ணீர் வற்றிய குளத்தின் தரை வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வரைபடம்தான். பகலில் வேலை மும்முரத்தில் தெரியாத அரிப்பு, ராத்திரி அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்தால் தாங்க முடியாததாகிவிடும். சுடுதண்ணீரில் குளித்தால் ஐந்து நிமிடம் சுகம், அப்புறம் இரண்டு மடங்கு அரிப்பு. மலையில் குளிர்காலத்தில் யாரும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பதில்லை, ஆவி பறக்க வேண்டும். அவரும் காலையில் ஒரு முறை, வேலை முடிந்து வந்து ஒரு முறை என்று சோப்புப் போட்டு அப்படித்தான் குளித்துக்கொண்டிருந்தார்.

முதலில் பூசியது எருமை நெய். பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வாங்கி வந்த வெண்ணெயை வீட்டில் உருக்கியது. "நெய் போட்ட அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு டாக்டரம்மா" என்றார். இந்த வாக்கியத்தை நான் அன்றைக்குக் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. அதன் விலையை அவர்தான் கொடுத்தார்.

நெய்யை ஏன் நிறுத்தினார்? வாசனை. போர்வையில் எறும்பு. மகனுக்கு அது பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, சந்தைக்குப் போன இடத்தில் ஒருவர், கரடிக் கொழுப்பை உருக்கிய கரடி நெய் என்று ஒரு பாட்டிலைக் காட்டியிருக்கிறார். நூறு மில்லி, 700 ரூபாய். எண்ணெய்க்குள் ஒரு கொத்து கறுப்பு முடி மிதந்தது. கரடியின் முடி, நெய் அசல் என்பதற்கு அதுவே சாட்சி என்றாராம். "தோலுக்குள்ள இறங்கி வேரோட எடுக்கும். எரியும். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அன்று ராத்திரியே பூசினார். ஒரு மணி நேரத்தில் எரிச்சல். சொன்னபடியே எரிகிறதே என்று நம்பிக்கை கூடியது. மூன்றாம் நாள் கொப்புளம், ஐந்தாம் நாள் நீர் வடிந்தது. நோய் வெளியே வருகிறது என்று நினைத்து ஆறு ராத்திரி விடாமல் பூசியிருக்கிறார். ஏழாம் நாள் காய்ச்சல் வந்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

இந்த மலையில் பத்து பேரிடம் கேட்டால் எட்டு பேராவது இதை வேறு வேறு வார்த்தையில் சொல்வார்கள்: மருந்து என்றால் எரிய வேண்டும், கசக்க வேண்டும், குத்த வேண்டும். அந்த அம்மாவைத் தோற்கடித்தது எண்ணெயை விட இந்த நம்பிக்கைதான் என்பது என் கருத்து. முதல் ராத்திரியே துடைத்திருந்தால் இரண்டு நாள் சிவப்போடு போயிருக்கும்.

கண்டது

இரண்டு கால்களிலும் முன்பக்கம் முழுவதும் சிவந்து, தோல் உரிந்து, நீர் கசிந்தது. இடது காலில் தேன் காய்ந்ததுபோல மஞ்சள் பொருக்கு. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. காய்ச்சல் 100.4.

கவனிக்க வேண்டியது எல்லைக்கோடு. முழங்காலுக்கு நான்கு விரல் கீழே தொடங்கி, கணுக்காலுக்கு மேலே, கோடு போட்டதுபோல நின்றது. அதற்கு வெளியே, ஆடுதசையின் பின்பக்கத்தில், பழைய வறட்சி வெடிப்பு அப்படியே இருந்தது. அங்கே கொப்புளம் இல்லை. அப்புறம் வலது கையைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளங்கையும் மூன்று விரல்களும் சிவந்திருந்தன. எந்தக் கையால் பூசினீர்கள் என்று கேட்கவே தேவையில்லை.

தோல் ஆழத்தில் கிருமி பரவினால் பெரும்பாலும் ஒரு காலில்தான் இப்படி ஆகும். இரண்டு காலிலும் ஒரே அளவில், ஒரே எல்லையில் நிற்காது. வயதானவர்களுக்குத் தானாகக் கொப்புளம் கிளம்பும் நோய்கள் உண்டு. அதையும் யோசித்தேன். ஆனால் எண்ணெய் தொடாத இடத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை, பூசுவதை நிறுத்திய பின் புதிதாக எதுவும் வரவில்லை. ஆகவே முடிவு இது: குளிர்கால வறட்சியால் வந்த தோல் வெடிப்பு அழற்சி. அதன் மேல் எண்ணெய் பட்டதால் வந்த தொடு அழற்சி. அதன் மேல் கிருமித் தொற்று. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

பாட்டிலுக்குள் என்ன

பேரன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான். மூடியைத் திறந்ததும் கற்பூரம், அதற்கு அடியில் இன்னொரு வாசனை. என் வீட்டுக்குப் பெயின்ட் அடித்த வாரம் முழுக்க மூக்கில் நின்ற அதே டர்பன்டைன். மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை.

சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது, சொன்னேன். தேன்கரடி வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதன் கொழுப்பை விற்பது மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பதும் குற்றம். மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் எதையும் கொல்லலையே" என்றார். பாட்டிலை என்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அது உண்மையில் கரடிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டிய கடமை அப்போது எனக்கு வந்துவிட்டது.

முதலில் முடி. இடுக்கியால் இரண்டு இழையை எடுத்து ஸ்பிரிட்டில் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். முடி எரிந்தால் கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிச் சுருண்டு நுனியில் கடினமான சின்ன மணியாக நின்றது. பிளாஸ்டிக் இழை. துடைப்பத்திலிருந்தோ பிரஷ்ஷிலிருந்தோ வெட்டியது.

அடுத்தது குளிர். அன்று ராத்திரி ஜன்னல் விளிம்பில் மூன்று சின்னக் குப்பிகளை வைத்தேன்: தேங்காய் எண்ணெய், நெய், இந்த எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நெய்யும் இறுகும். கோத்தகிரி தை மாத விடியலில் இரண்டும் கல்லாகியிருந்தன. கரடிக் கொழுப்பு என்றால் அந்தக் குளிரில் கலங்கியாவது போயிருக்க வேண்டும். இது குப்பியைச் சாய்த்ததும் தண்ணீர் மாதிரி ஓடியது.

இதுவும் முடிவான சாட்சி இல்லை. கடுகெண்ணெய்யும்தான் உறையாது. அதனால் பள்ளியில் வேதியியல் நடத்தும் என் தோழியிடம் போனேன். அவர் யோசிக்காமல் சொன்னார்: "சோப்பு ஆகுதான்னு பார்த்துடலாம்." ஆட்டுக்கொழுப்போ நெய்யோ தேங்காய் எண்ணெயோ கரடிக் கொழுப்போ, எந்த உயிரிலிருந்து வந்த கொழுப்பும் காரத்தோடு காய்ச்சினால் சோப்பாகும். பெட்ரோலியத்திலிருந்து வந்த எண்ணெய் ஆகவே ஆகாது. சனிக்கிழமை மதியம், ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஸ்பிரிட்டில் கரைத்து மூன்று சோதனைக்குழாய்களில் ஊற்றி, ஒன்றில் நெய், ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் பாட்டில் எண்ணெய் விட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினோம். ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் தீயை நேரே காட்டவில்லை. அரை மணி நேரம் கழித்து மூன்றிலும் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினார்.

முதல் இரண்டு குழாய்களிலும் நுரை பொங்கி விளிம்பு வரை வந்தது. மூன்றாவதில் எண்ணெய் பிரிந்து, மேலே ஒரு தெளிவான வளையமாக, போட்டது போட்டபடி மிதந்தது.

கரடி இல்லை, எந்த விலங்கும் இல்லை, தாவரமும் இல்லை. பெட்ரோலிய எண்ணெய், அதில் டர்பன்டைனும் கற்பூரமும். டர்பன்டைன் தோலை எரித்துக் கொப்புளமாக்குவது பழைய, நன்கு தெரிந்த விஷயம். பெயின்டர்களின் கையில் வரும் அழற்சிக்கு அது ஒரு முக்கியக் காரணம். வெடித்துத் திறந்து கிடந்த தோலில் ஆறு ராத்திரி தொடர்ந்து அதைத் தேய்த்தால் வேறென்ன ஆகும்?

இதில் என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. அதே நோய்க்கு நான் எழுதிக்கொடுக்கும் வெள்ளைப் பாரஃபின் களிம்பும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். டர்பன்டைனையும் கற்பூரத்தையும் எடுத்துவிட்டு, சுத்திகரித்த ஒன்றை அந்தப் பாட்டிலில் ஊற்றியிருந்தால் அவர் கால் ஆறியிருக்கும். கரடி என்ற பெயருக்குத்தான் அவர் 700 ரூபாய் கொடுத்தார். எரிச்சல் அதோடு சேர்ந்து வந்தது.

நான் செய்த தவறு

முதல் நாள் சிகிச்சை சரியாகத்தான் இருந்தது. இளம் ரோஜா நிறத்தில் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீரில் துணி நனைத்து, தினம் இரண்டு முறை பத்து நிமிடம் ஒத்தடம். ஒரு வாரத்துக்குக் கிருமிக் கொல்லி மாத்திரை. காய்ச்சல் இறங்கி, நீர் நின்ற பிறகு, நடுத்தர வலிமையுள்ள ஸ்டீராய்டு களிம்பு ஏழு நாள் மட்டும். ஐந்தாம் நாளே கசிவு நின்றுவிட்டது.

ஆனால் கோபத்தில் இன்னொன்றும் சொல்லிவிட்டேன்: "நெய், எண்ணெய் எதையும் இனிமே காலில் தொடாதீங்க." ஈரப்பதம் காக்கும் களிம்பு என்று 15 கிராம் ட்யூப் ஒன்றை எழுதிக்கொடுத்தேன்.

பதினோராம் நாள் திரும்பி வந்தார். புண் ஆறியிருந்தது. அதற்குக் கீழே பழைய வறட்சி அப்படியே திரும்பி வந்து, சொறிந்த கோடுகளில் ரத்தம் காய்ந்திருந்தது. களிம்பு என்னாயிற்று என்றேன். "ரெண்டே நாள்தான் வந்துச்சு. அப்புறம் நீங்கதான் எதையும் தொடாதேன்னு சொன்னீங்களே."

கணக்கு எளிது, நான்தான் போடவில்லை. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே முழுக்கப் பூச ஒரு வேளைக்கு மூன்று கிராம், இரண்டு வேளைக்கு ஆறு. 15 கிராம் இரண்டரை நாளில் தீரும். குளிர்காலம் முழுக்கப் பூச வேண்டியவருக்கு நான் இரண்டரை நாள் மருந்து கொடுத்து, அவருக்கு உதவிக்கொண்டிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டேன். நான் சொன்னதை அவர் சொன்னபடி கேட்டார், அதனால் கஷ்டப்பட்டார்.

அன்றைக்குத் திருத்தினேன். அரை கிலோ டப்பாவில் வெள்ளைப் பாரஃபின். குளித்துத் துவட்டிய மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே, முடி இருக்கும் திசையில் கீழ்நோக்கிப் பூச வேண்டும். குளியல் ஒரு நாளைக்கு ஒரு முறை போதும், தண்ணீர் வெதுவெதுப்பாக, ஐந்து நிமிடம். சோப்பு அக்குளுக்கும் இடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். முழங்காலுக்குக் கீழே சோப்பு வேண்டாம். அடுப்பிலிருந்து தள்ளி உட்கார வேண்டும். டப்பா தீர்ந்து, அடுத்த முறை கோத்தகிரி வர நாளாகும் என்றால், வீட்டில் புதிதாக உருக்கி வடிகட்டிய நெய்யை மெல்லியதாகப் பூசலாம். வெடிக்காத, கசியாத தோலில் மட்டும்.

அடுப்பைப் பற்றி இன்னொன்றும் வற்புறுத்திச் சொன்னேன், இதைப் படிப்பவர்களுக்கும் சொல்கிறேன். பாரஃபின், நெய், எண்ணெய் எது ஊறிய துணியும் சீக்கிரம் தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. எண்ணெய் ஊறிய புடவையோடு விறகடுப்பின் முன் உட்காருவது ஆபத்து. டர்பன்டைன் கலந்தது என்றால் கேட்கவே வேண்டாம். அந்த ஆறு ராத்திரியும் அந்த வேட்டித் துணியோடு அவர் அடுப்படியில்தான் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பேரனின் கழுத்து

பையனுக்கு இருந்தது வேறு நோய். வட்டமாக, ஓரம் மட்டும் தடித்துச் செதில் செதிலாக, நடுவில் தெளிந்த தோல். படர்தாமரை. ஓரத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் பூஞ்சை இழைகள் கிளை பிரிந்து தெரிந்தன. பாட்டிக்கு நெய் நன்றாகக் கேட்டது என்று அவனுக்கும் மூன்று வாரம் நெய்யே பூசியிருக்கிறார்கள். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருந்தது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது. கரடி நெய்யையும் இரண்டு ராத்திரி போட்டிருக்கிறார்கள். அவன் அழுததால் விட்டுவிட்டார்கள். குழந்தையின் அழுகைக்கு மதிப்புக் கொடுத்த அந்த அம்மா தன் எரிச்சலுக்குக் கொடுக்கவில்லை.

ஒரே வீடு, ஒரே நெய், இரண்டு தோல். பாட்டியின் வறட்சிக்கு அது துணை நின்றது. பேரனின் பூஞ்சைக்கு அது மூடி போட்டுக் கதகதப்பும் ஈரமும் கொடுத்தது. தோலில் எது வந்தாலும் எண்ணெய் பூசு என்பதும், எண்ணெய் எதுவும் பூசாதே என்பதும் ஒரே மாதிரித் தவறுதான். முதலில் கேட்க வேண்டியது, இது என்ன நோய் என்பது.

அவனுக்குப் பூஞ்சைக் களிம்பு, தடிப்பின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை, நான்கு வாரம். மறைந்த பிறகும் இரண்டு வாரம். துண்டு தனி, துணியை வெயிலில் காயப்போட வேண்டும். அத்தோடு, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்பு எதையும் போடக் கூடாது என்று எழுதியே கொடுத்தேன். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் ஒன்றாகக் கலந்த அந்த ட்யூப்கள் இந்தியா முழுக்கப் படர்தாமரையை மருந்துக்கு அடங்காததாக ஆக்கியதில் பெரும் பங்கு வகித்தவை. டிரைக்கோஃபைட்டன் இந்தோட்டினியே என்று நம் நாட்டின் பெயரைத் தாங்கிய பூஞ்சையே இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. சந்தையில் விற்கும் பாட்டிலைத் திட்டும்போது அந்த ட்யூபையும் சேர்த்துத் திட்டுவதுதான் நியாயம்.

கொழுப்பு தோலில் என்ன செய்கிறது

தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையில் இருக்கும் கொழுப்புகள் சாந்து. குளிர்காற்று, சுடுதண்ணீர், சோப்பு மூன்றும் சாந்தைக் கரைக்கின்றன. உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சுவர் வெடிக்கிறது. மேலே ஒரு கொழுப்புப் படலம் இருந்தால் தண்ணீர் தங்கும், சுவர் தன்னைத் தானே பூசிக்கொள்ள நேரம் கிடைக்கும். நெய் செய்தது இவ்வளவுதான். இவ்வளவு என்பதே பெரிய விஷயம்.

இந்த மலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. தோடர் பெண்கள் எருமை வெண்ணெயைத் தடவித்தான் கூந்தலைச் சுருள் சுருளாக விடுவார்கள். முகத்திலும் பூசிக்கொள்வது உண்டு. தோடா எருமைப் பாலில் கொழுப்பு எட்டு சதவீதத்தை ஒட்டி இருக்கும். பனிக்காற்றில் மந்து என்னும் தங்கள் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் கையில் இருந்த சிறந்த பொருளைச் சரியான இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் நூறு முறை கழுவிய நெய் என்று ஒன்று உண்டு. நெய்யைச் செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தண்ணீரை இறுத்து, மறுபடி விட்டு, நூறு தடவை. நான் ஒரு முறை செய்து பார்த்தேன். முப்பதாவது தடவைக்கு மேல் மஞ்சள் நிறமும் வாசனையும் விலக ஆரம்பித்தன. கடைசியில் வெண்மையாக, கையில் வைத்தால் குளிரும் பதத்தில் ஒரு களிம்பு. தண்ணீர் கொழுப்புக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்று கடையில் விற்கும் க்ரீம்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆட்டுப் பண்ணை இருக்கிறது, பழனி மலையில் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்தச் செம்மறிகளின் ரோமத்தைத் தொட்டால் கையில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டும். அதைச் சுத்தம் செய்தால் லேனோலின். 1882-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற பொருள். தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பால் கொடுக்கும் தாய்மார்களின் காம்பு வெடிப்புக்கு இன்றும் நாங்கள் எழுதுகிறோம். எந்த ஆட்டையும் கொல்ல வேண்டியதில்லை, மயிர் கத்தரித்தால் போதும். சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதால் முழங்கை மடிப்பில் இரண்டு நாள் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதிகமான எண்ணெய் தோலின் சாந்தைக் குலைக்கும். இங்கிலாந்தில் செய்து 2013-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஐந்து வாரம் ஆலிவ் எண்ணெய் பூசியவர்களின் தோல் தடுப்பு பலவீனமடைந்தது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஈமு எண்ணெயிலும் ஒலியிக் அமிலம்தான் அதிகம். பெருந்துறைப் பக்கம் 2012-இல் ஈமு பண்ணைகள் கவிழ்ந்து ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பறவையின் எண்ணெய் தோலுக்கு அதிசய மருந்து என்ற பேச்சும் அந்த ஆசை காட்டலில் ஒரு பகுதியாக இருந்தது. தோலுக்குள் இறங்கும் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். தோலின் வேலையே உள்ளே எதையும் விடாமல் இருப்பது.

கரடிக்கு இதில் என்ன

அந்தப் பாட்டிலில் கரடி இல்லை, ஆகவே கரடிக்கு நட்டமில்லை என்று என் தோழி சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. போலி பாட்டில் ஒவ்வொன்றும், அசல் என்று ஒன்று இருக்கிறது, அது கிடைத்தால் குணமாகும் என்ற நினைப்பை உயிரோடு வைத்திருக்கிறது. இந்த மலைகளில் கருங்குரங்கு அப்படித்தான் குறைந்தது. லேகியத்துக்கும் கொழுப்புக்கும் என்று தலைமுறைகளாகச் சுட்டார்கள். உடும்பு, மலைப்பாம்பு, மயில் என எல்லாமே முதல் அட்டவணையில் இருப்பவை, எல்லாவற்றின் பெயரிலும் எண்ணெய் விற்கிறது. மயில் 1963-லிருந்து நம் தேசியப் பறவை. பழனி மலை அடிவாரத்தில் அது முருகனின் வாகனம். அதே மயிலின் பெயரில் மூட்டு வலி எண்ணெயும் பாட்டிலில் வருகிறது.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிகள் எங்களுக்கு அக்கம்பக்கத்தார் மாதிரி. தேயிலைக்குள் பகலிலேயே நடக்கும். ராத்திரி கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும், சத்துணவுக் கூடத்தில் புகுந்து எண்ணெய் டின்னைக் கவிழ்க்கும். எண்ணெய்க்கு ஆசைப்பட்டு ஊருக்குள் வருவது அதுதான். அதன் உடம்பில் இருக்கும் கொழுப்பில், ஹட்டி எருமையின் நெய்யில் இல்லாத எந்த மருந்தும் இல்லை.

அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் மூன்றாம் சந்திப்பில் சொன்னேன். கரடி இல்லை என்று தெரிந்ததும் அவர் முதலில் கேட்டது சட்டத்தைப் பற்றி: "அப்ப என்னைப் பிடிக்க மாட்டாங்கல்ல?" மாட்டார்கள் என்றேன். சோதனைக்குழாய்களைக் கொண்டு வந்திருந்தேன். நுரைத்ததையும் மிதந்ததையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பையன் உருகிய பிளாஸ்டிக் மணியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

பங்குனியில் கடைசியாக வந்தபோது இரண்டு கால்களும் மழமழவென்று இருந்தன. கொப்புளம் வந்த இடத்தில் மட்டும் தோல் கொஞ்சம் கறுத்திருக்கிறது, அது மங்க ஆறேழு மாதமாகும். பையனின் கழுத்தில் ஒன்றுமில்லை. தோட்டத்து லைன் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அவரே பாரஃபின் டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார், எரிந்தால் உடனே கழுவு என்ற சொல்லோடு சேர்த்து. வரும் குளிருக்குத் தோல் வெடிக்கும் முன்பே பூச ஆரம்பிக்க வேண்டும், தேதி நினைவிருக்குமா என்று கேட்டேன். கார்த்திகை தீபத்தன்று விளக்கு ஏற்றிவிட்டு முதல் பூச்சு என்று அவரே நாள் குறித்துக்கொண்டு போனார்.